சத்தத்த அடக்குற கை: வாசகர் கேள்வி பதில்

ஓவியம், சிற்பம் பத்தி எது வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தோம். வந்த லெட்டர், வாட்ஸப் மெசேஜ் எல்லாம் வேற வேற பக்கத்துலேர்ந்து கெளம்பி ஒரே எடத்துல வந்து நிக்கிது: மௌனத்த எப்படி வரையறாங்க? எல்லா படமும் ஊமைதானே, இதுல என்ன தனியா மௌனம்னு ஒருத்தர் நக்கலா கேட்டுருக்காரு. அவருக்கும் நடுவுல பதில் இருக்கு.

கேள்வி: சார், என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ஓவியப் போட்டில "மௌனம்"னு தலைப்பு குடுத்தாங்க. உதட்டுல விரல் வச்ச ஒரு பொண்ணு முகம் வரைஞ்சா, நல்லாதான் இருந்துச்சு. ஆனா ஜட்ஜ் "இது மௌனம் இல்லம்மா, பேசாதேன்னு மிரட்டுற படம்"னு சொல்லிட்டாராம். ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வச்சுட்டு இருக்கா. அவர் சொன்னது சரியா? (வாசகி, சேலம்)

பதில்: பாதி சரிம்மா. மொதல்ல பொண்ணுகிட்ட சொல்லுங்க, அவ வரைஞ்சது ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஓடிட்டிருக்கற ஐடியா. அதுவும் ஒரு குழப்பத்துல பொறந்த ஐடியா. பழைய எகிப்துல ஹோரஸ்ங்கற கடவுள சின்னப் புள்ளையா காட்டும்போது வாய்ல விரல் வச்ச மாதிரி செய்வாங்க, அங்க அதுக்கு அர்த்தம் "இது கொழந்த", அவ்ளோதான். கிரேக்கக்காரங்களும் ரோமானியங்களும் அத பார்த்துட்டு, ஓ இவரு எல்லாரையும் வாய மூடச் சொல்ற கடவுள் போலன்னு முடிவு பண்ணி, ஹார்ப்பொக்ராட்டஸ்னு பேர் வச்சு மௌனத்துக்கே சாமியாக்கிட்டாங்க. விரல் சூப்புற கொழந்த மௌனச் சாமியான கதை இது.

அப்புறம் அந்த விரல் எறங்கவே இல்ல. ஃப்ளாரன்ஸ்ல சான் மார்கோ மடத்துல ஃப்ரா ஆஞ்சலிகோ ஒரு கதவுக்கு மேல பீட்டர்ங்கற புனிதர் உதட்டுல விரல் வச்ச மாதிரி வரைஞ்சு வச்சிருக்காரு. அது துறவிங்க நடமாடுற எடம், கிட்டத்தட்ட போர்டு மாதிரியே வேலை செய்யிற ஓவியம். 1890ல பெல்ஜியத்துல ஃபெர்னான் க்னாஃப் தன் தங்கச்சிய நிக்க வச்சு இதே விரலோட "மௌனம்"னே பேர் வச்சு ஒரு பாஸ்டல் படம், அதாவது கலர் சாக்குக்குச்சி மாதிரி ஒன்னால வரையறது, பண்ணாரு. நம்ம ஊர் ஆஸ்பத்திரி வராண்டால தொங்குற நர்ஸ் போட்டோ வரைக்கும் அதே விரல்தான்.

ஜட்ஜ் சொன்னதுல சரியான பாதி என்னன்னா, இந்த படங்கள் பெரும்பாலும் நமக்கு உத்தரவு போடுது. ஆனா ஒதிலோன் ரெதோன் 1911 வாக்குல வரைஞ்ச "மௌனம்" நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல இருக்கு, நெட்ல தேடி பொண்ணுக்கு காட்டுங்க. நீள்வட்டத்துக்குள்ள ஒரு முகம், உதட்டுல ரெண்டு விரல், ஆனா கண்ணு நம்மள பார்க்கல, கீழ போயிடுச்சு. நம்மள அதட்டல, தன் வாய தானே புடிச்சுட்டிருக்கு. கண்ணு எங்க பார்க்குதுங்கறத மட்டும் மாத்தினாலே உத்தரவு போயிடுது பாருங்க. அடுத்த தடவ அவ விரல வச்சுக்கட்டும், கண்ண மட்டும் எறக்கட்டும். ஒன்பதாங்கிளாஸ் புள்ளகிட்ட ஜட்ஜ் இத கொஞ்சம் நல்லாவே சொல்லியிருக்கலாம், அது வேற விஷயம்.

கேள்வி: அப்போ ஆளே இல்லாத காலி ரூம வரைஞ்சுட்டா மௌனம் வந்துடுமா ப்ரோ? (ஆர்க்கிடெக்சர் ஸ்டூடன்ட், கோவை)

பதில்: வராது தம்பி. வெறும் காலி ரூம்னா வாடகைக்கு விட எடுத்த போட்டோ மாதிரிதான் இருக்கும். நீங்க பார்க்க வேண்டிய ஆளு வில்ஹெல்ம் ஹாமர்ஷோய், டென்மார்க்காரர், 1864ல பொறந்து 1916ல போயிட்டாரு. கோபன்ஹேகன்ல ஸ்ட்ராண்ட்கேட் தெருவுல 30ம் நம்பர், பதினேழாம் நூற்றாண்டு கட்டடம், அதுல 1898லேர்ந்து 1909 வரைக்கும் மனைவி ஈடாவோட குடியிருந்தாரு. அந்த ஒரு வீட்டோட உள்பக்கத்த மட்டும் அறுபது படத்துக்கு மேல வரைஞ்சிருக்காரு. அதே கதவு, அதே ஜன்னல், அதே மேஜ. எந்த ரூம்லேர்ந்து எந்த ரூம பார்க்குறோம்ங்கறது மட்டும் மாறும்.

இதுல கவனிக்க வேண்டியது அவர் என்ன வச்சாரு, என்ன எடுத்தாருங்கறதுதான். ஆள் இருப்பாங்க, நெறைய படத்துல ஈடா நிப்பாங்க, ஆனா முதுக காட்டிட்டு. கருப்பு டிரஸ், தூக்கிக் கட்டின முடி, பின்கழுத்துல மட்டும் கொஞ்சம் வெளிச்சம். முகம் தெரிஞ்சுதுன்னா நாம உடனே இவங்க சோகமா இருக்காங்களா, புருஷனோட சண்டையான்னு கதை கட்ட ஆரம்பிச்சுடுவோம், கதை வந்தா மண்டைக்குள்ள பேச்சு வந்துடும். முதுக வச்சு ஒன்னும் கட்ட முடியாது, சும்மா நின்னு பார்க்க வேண்டியதுதான். 1903-04ல வரைஞ்ச ஒன்னு ராண்டர்ஸ் மியூசியத்துல இருக்கு, அதுல ஈடா கைல ஒரு தட்ட இடுப்போட அணைச்சு புடிச்சிருப்பாங்க, பக்கத்துல மூடி போட்ட பெரிய பீங்கான் பாத்திரம். தட்டு, பீங்கான் மூடி ரெண்டுமே லேசா பட்டாலே சத்தம் போடுற சாமான். அந்த சத்தம் வரல. அந்த "வரல"தான் படம்.

இன்னொன்னு 1900ல வரைஞ்சது, வெயில்ல தூசி ஆடுற படம், ஆர்ட்ருப்கார்ட் மியூசியத்துல இருக்கு. நிஜமாவே காலி ரூம். ஒரு ஜன்னல், சாஞ்சு விழுற வெயில், பக்கத்துல ஒரு கதவு. அந்த கதவுக்கு கைப்பிடி கெடையாது! சட்டுன்னு பார்த்தா தெரியாது, ஏதோ ஒன்னு சரியில்லன்னு மட்டும் தோணும். யாரும் தொறந்துட்டு உள்ள வந்து "சாப்டாச்சா"ன்னு கேக்கவே முடியாத கதவு. நீங்க ஆர்க்கிடெக்சர் படிக்கிறதால உங்களுக்கு இது எரிச்சலா கூட இருக்கும், கைப்பிடி இல்லாம ட்ராயிங் சப்மிட் பண்ணா புரொஃபசர் விடமாட்டாரு. கலரும் பாருங்க, சாம்பல், பழுப்பு, அழுக்கு வெள்ளை, எதுவும் எதையும் அடிச்சுட்டு முன்னாடி வராது, ஓரமெல்லாம் கொஞ்சம் மங்கி இருக்கும். உங்க ரெண்டரிங் சாஃப்ட்வேர்ல எல்லா ஓரமும் கத்தி மாதிரி வர்றதாலதான் காலி ரூம்கூட இரைச்சலா தெரியுது.

என் கணக்கு இதுதான், இந்த பக்கம் பூரா இதத்தான் திரும்பத் திரும்ப சொல்லப்போறேன், சலிச்சுக்காதீங்க: படத்துல மௌனம் வரணும்னா சத்தம் போடக்கூடிய ஒன்னு அங்க இருக்கணும், இல்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கணும். ஒன்னுமே இல்லாத எடத்துல அடக்குறதுக்கும் ஒன்னும் இல்ல.

கேள்வி: மௌன விரதம் இருந்துட்டு வரைஞ்சா இந்த மாதிரி படம் வருமா? (வாசகர், ராஜபாளையம்)

பதில்: பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் செத்தப்போ வீட்ல 11 புள்ளைங்க. மாமியார் வீட்லதான் குடித்தனம். கடன் வேற. அந்த வீட்லேர்ந்துதான் உலகத்துலயே அமைதியான படங்கள் வந்துச்சு. விரதம் இருங்க, உடம்புக்கு நல்லது.

கேள்வி: வெர்மீர் ஓவியம் ஒன்னுல சுவத்துக்கு பின்னாடி தேவதை மறைஞ்சிருந்துச்சுன்னு யூடியூப்ல பார்த்தேன். உண்மையா, இல்ல வழக்கமான புருடாவா? (பேங்க் ரிட்டயர்டு, திருச்சி)

பதில்: உண்மை சார், நல்லவேளையா கேட்டீங்க. ஜெர்மனில டிரெஸ்டன் நகரத்து கேலரில இருக்கற படம், தொறந்த ஜன்னல் பக்கத்துல ஒரு பொண்ணு லெட்டர் படிக்கிறா, 1657-59 வாக்குல வரைஞ்சது. 1742லயே அந்த ஊருக்கு வந்துடுச்சு. அவளுக்கு பின்னாடி பெருசா ஒரு வெறுஞ்சுவர். இத்தன காலமா வெர்மீரோட மௌனம்னா இந்த சுவர்தான்னு எழுதாத ஆள் கெடையாது. 1979ல எக்ஸ்ரே எடுத்தப்போ அந்த சுவருக்கு அடில ஒரு மன்மதன் படம் மாட்டியிருக்கறது தெரிஞ்சுது, ரோமானிய மன்மதன், க்யூபிட், கைல வில்லோட. சரி, வெர்மீரே வரைஞ்சு புடிக்காம அழிச்சிருப்பாருன்னு எல்லாரும் நெனச்சுட்டாங்க. அப்புறம் 2017ல மறுபடி ஆராய்ஞ்சப்போ, மன்மதனுக்கும் மேல பூசின பெயின்ட்டுக்கும் நடுவுல பழைய வார்னிஷும் அழுக்கும் படிஞ்சிருந்துச்சு. அழுக்கு படியணும்னா வருஷக்கணக்கா ஆகும்ல, ஆக பூசினது வெர்மீர் இல்ல, அவர் செத்த பெறகு வேற யாரோ. மேல் பூச்ச கொஞ்சம் கொஞ்சமா சொரண்டி எடுத்து 2021ல மன்மதனோட மக்களுக்கு காட்டுனாங்க.

இப்ப அது காதல் லெட்டர்னு சுவரே கத்தி சொல்லுது. நான் என் மனசுல பட்டத சொல்லிடுறேன், எனக்கு பழைய வெறுஞ்சுவர்தான் புடிச்சிருக்கு, இப்பவும். ஆனா எனக்கு புடிச்ச அந்த மௌனத்த வெர்மீர் வரையல, பேர் தெரியாத எவனோ ஒருத்தன் மட்டமான காரணத்துக்காக கூட பூசியிருக்கலாம், அதுக்காக மன்மதன மறுபடி மூடுங்கன்னு கேக்க முடியுமா?

வெர்மீர் தானே அடக்கின மௌனம் வேணும்னா ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல பால் ஊத்துற பொம்பளைய பாருங்க. அதுலயும் பின்னாடி வெறுஞ்சுவர்தான், ஒரு ஆணி, ஆணியோட குட்டி நிழல், பழைய ஆணி ஓட்டைங்க. 2022ல மியூசியம்காரங்க ஸ்கேன் பண்ணி பார்த்தப்போ, அந்த சுவத்துல குடுவைங்க தொங்கற பலகை ஒன்னும், தரைல நெருப்புக் கூடை ஒன்னும் மொதல்ல போட்டு பார்த்துட்டு அவரே மேல பூசிட்டது தெரிஞ்சுது. ஆக அவருக்கும் மொத தடவையே கை அடங்கல. சமையல்கட்டு சாமானெல்லாம் ஒவ்வொன்னா எடுத்துட்டு கடைசில ஒரே ஒரு சத்தத்த மட்டும் விட்டாரு, பால் ஊத்துற சத்தம். மெல்லிசா ஒரு கோடு. மத்ததெல்லாம் அமைதியா இருக்கறதாலதான் அது காதுல விழற மாதிரி இருக்கு.

இந்த அழிக்கிற பழக்கம் அவரோட நிக்கல. காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1808-10ல கடலோரத்துல ஒரு துறவி நிக்கிற படம் வரைஞ்சாரு, பெர்லின்ல இருக்கு. முக்காவாசிக்கு மேல வானம், கீழ கறுத்த கடல், சுண்டுவிரல் அளவுக்கு ஒரு ஆள். அந்த கடல்ல மொதல்ல கப்பல் போட்டிருந்தாரு, அப்புறம் தூக்கிட்டாரு, இன்ஃப்ராரெட்ல அடையாளம் கெடச்சிருக்கு. அமெரிக்கால எட்வர்ட் ஹாப்பர் 1930ல ஞாயித்துக்கெழம காலைல ஆளில்லாத கடைத்தெருவ வரைஞ்சப்போ மாடி ஜன்னல் ஒன்னுல ஒரு ஆள போட்டுட்டு அப்புறம் மூடிட்டாரு. கடைங்க மேல பேர்ப்பலகை இருக்கும், எழுத்து மாதிரியும் இருக்கும், ஒரு எழுத்துகூட படிக்க முடியாது. அவரோட 1942 "நைட்ஹாக்ஸ்" எல்லாருக்கும் தெரியும், ராத்திரி ஹோட்டல், கண்ணாடிக்குள்ள நாலு பேர். தெருவுலேர்ந்து உள்ள போக அந்த ஹோட்டலுக்கு கதவு எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க, கெடைக்காது. ஹாமர்ஷோயோட கைப்பிடி இல்லாத கதவுக்கு இவர் ஒரு படி மேல போயி கதவையே எடுத்துட்டாரு.

கேள்வி: எல்லா படமும் ஊமைதானே? அப்புறம் இதுல மௌனமான படம், சத்தமான படம்னு என்ன வித்தியாசம், சும்மா பில்டப்புதானே? (வாசகர், விருதுநகர்)

பதில்: வாங்க வாங்க, உங்களத்தான் தேடிட்டிருந்தேன். எட்வர்ட் மங்க் 1893ல வரைஞ்ச "அலறல்" தெரியும்ல, ஸ்மைலி ஆகி உங்க போன்ல கூட இருக்கு. அதுல அந்த உருவம் ரெண்டு கையாலயும் காத பொத்திட்டிருக்கு. தன் வாய்லேர்ந்து வர்ற சத்தத்துக்கு யாரும் காத பொத்த மாட்டாங்க. இயற்கை பூரா அலறுற மாதிரி தனக்கு தோணுச்சுன்னு மங்கே எழுதி வச்சிருக்காரு. வானம், தண்ணி எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு அந்த தலைய சுத்தி ஓடுது. ஆனா பின்னாடி பாலத்துல ரெண்டு பேர் பாட்டுக்கு நடந்து போறாங்க, அவங்களுக்கு ஒன்னுமே கேக்கல, அவங்கள சுத்தி கோடெல்லாம் நேரா இருக்கு. ஒரே படத்துல ஒருத்தனுக்கு காது கிழியுது, ரெண்டு பேருக்கு நிசப்தம். ஊமைப் படத்துல வித்தியாசம் தெரியுதா இல்லையா?

கேள்வி: நான் வாட்டர்கலர் பண்றேன். பேப்பர்ல வெள்ளைய அப்படியே விட பயமா இருக்கு, வேலைய பாதில விட்ட மாதிரி தோணுது. எங்க நிறுத்தறது? (வாசகி, புதுச்சேரி)

பதில்: ஜப்பான்ல ஹசெகாவா தோஹாகுன்னு ஒருத்தர், 1539லேர்ந்து 1610 வரைக்கும் இருந்தாரு. அவர் வரைஞ்ச பைன் மரத் தட்டி டோக்கியோ தேசிய மியூசியத்துல இருக்கு. ஆறு மடிப்பு தட்டி ரெண்டு, ஒவ்வொன்னும் ஒன்றரை மீட்டருக்கு மேல ஒசரம், மூன்றரை மீட்டர் அகலம். அவ்ளோ பெரிய எடத்துல கறுப்பு மையால கொஞ்சம் மரம் மட்டும். மத்ததெல்லாம் வெறும் பேப்பர். ஆனா யாரும் அத வெறும் பேப்பர்னு பார்க்க மாட்டாங்க, பனின்னுதான் பார்ப்பாங்க. மரத்த சில எடத்துல கும்முனு கறுப்பாவும் சில எடத்துல இருக்கா இல்லையாங்கற மாதிரி வெளுப்பாவும் போட்டதுலதான் சூட்சுமமே இருக்கு, வெளுத்த மரம்தான் காலி எடத்த பனியாக்குது. கிட்டப் போயி பார்த்தா கோடெல்லாம் வெறி புடிச்ச மாதிரி, கிழிச்சு விட்ட மாதிரி இருக்கும். தூரத்துலதான் அமைதி. அது முழுசா முடிச்ச படமே இல்ல, முன்வரைவா இருக்கலாம்னு சொல்ற ஆய்வாளருங்களும் இருக்காங்க. 1593ல அவரோட மகன், அவரும் நல்ல ஓவியர், சின்ன வயசுலயே போயிட்டாரு, அந்த துக்கம் இதுல இருக்குன்னு சொல்றவங்களும் உண்டு.

உங்களுக்கு சொல்றது என்னன்னா, வெள்ளைய விடறதுக்கு முன்னாடி அதுக்கு பக்கத்துல இருக்கறத வெளுக்க விடுங்க. பளிச்னு ஓரம் கட்டின மரத்துக்கு பக்கத்துல வெள்ளைய விட்டா அது பாதில விட்ட வேலைதான், பயம் நியாயமானது.

கேள்வி: வெள்ளை கான்வாஸ அப்படியே மாட்டி வச்சுட்டு கோடிக்கணக்குல விக்கிறாங்களே, இது மௌனமா மோசடியா? (ஐடி ஊழியர், சென்னை)

பதில்: ரெண்டும் உண்டு. மொத ஆளுங்க மேல சந்தேகப்படாதீங்க, பின்னாடி வந்த கூட்டத்து மேல படுங்க.

1951ல ராபர்ட் ரௌஷன்பெர்க்ங்கற ஓவியர் அமெரிக்கால பிளாக் மௌன்டன் காலேஜ்ல இருந்தப்போ வெறும் வெள்ளை கான்வாஸ் வரிசை ஒன்னு பண்ணாரு. வீட்டுக்கு அடிக்கிற பெயின்ட், ரோலர், அவ்ளோதான். கை பட்ட அடையாளமே இருக்கக்கூடாதுங்கறதுதான் நோக்கம், பின்னாடி வேற ஆளுங்கள விட்டு திரும்ப அடிக்கவும் சொல்லியிருக்காரு. அது மேல என்ன தெரியும்னா ரூமோட வெளிச்சம், நடந்து போறவங்க நிழல், தூசி. அத பார்த்த ஜான் கேஜ்ங்கற இசையமைப்பாளர் ரொம்ப நாளா மனசுல வச்சிருந்த ஒரு விஷயத்துக்கு தைரியம் வந்து, 1952 ஆகஸ்ட் 29ம் தேதி வுட்ஸ்டாக்ல ஒரு நிகழ்ச்சில பியானோ முன்னாடி டேவிட் டியூடர உக்கார வச்சு 4 நிமிஷம் 33 செகண்ட் ஒரு ஸ்வரமும் வாசிக்காம இருக்க வச்சாரு. அங்க கேட்டது மழை, காத்து, கடுப்பான ஜனங்க முணுமுணுக்கறது. படம்தான் முன்னாடி வந்துச்சு, இசை பின்னாடின்னு கேஜே சொல்லியிருக்காரு. ஹிரோஷி சுகிமோட்டோன்னு ஒரு போட்டோகிராபர் இன்னொரு வழில வெள்ளைக்கு வந்தாரு. சினிமா தியேட்டர்ல கேமராவ வச்சு, படம் ஓட ஆரம்பிக்கறப்போ ஷட்டர தொறந்து, முடியறப்போ மூடுவாரு. முழுப் படமும் ஒரே ஃப்ரேம்ல விழுந்து ஸ்கிரீன் பளீர்னு வெள்ளையா நிக்கும். அவ்ளோ வசனம், சண்ட, பாட்டு எல்லாம் உள்ள போயி வெளுத்துடுச்சு. இதவிட பெரிய அடக்கல் எனக்கு தெரியாது.

நம்ம நாட்டுல ஓவியர் வி.எஸ். கெய்தொண்டே. 1924ல நாக்பூர்ல பொறந்தாரு, பம்பாய் ஜே.ஜே. ஆர்ட் ஸ்கூல்ல படிப்பு, அப்புறம் டெல்லில ஏறக்குறைய துறவி வாழ்க்கை, 2001ல காலமானாரு. வருஷத்துக்கு அஞ்சாறு படம்தான். ரோலர், கத்தி வச்சு கலர போட்டு, எடுத்து, திரும்ப போட்டு, திரும்ப வழிச்சு எடுத்துன்னு அடுக்கடுக்கா போவாரு. கடைசில மிஞ்சுறது தண்ணிக்குள்ள பார்க்குற மாதிரி ஒரு ஆழம், அதுல ஏதோ எழுத்து மாதிரி மெதக்கும், எழுத்தும் கெடையாது. 2014ல நியூயார்க் குகன்ஹைம் மியூசியம் அவருக்குன்னு தனியா கண்காட்சி வச்சாங்க. 2021ல ஒரு படம் ஏலத்துல கிட்டத்தட்ட 40 கோடிக்கு போச்சு. 40 கோடிங்கறது வாங்கினவன் கத்தற சத்தம், அத படத்தோட சேத்து கேக்காதீங்க.

மோசடிய எப்படி கண்டுபுடிக்கறதுன்னா, எனக்கு தெரிஞ்ச ஒரே வழி பத்து நிமிஷம் நின்னு பார்க்கறது. கெய்தொண்டே முன்னாடி நின்னா அஞ்சாவது நிமிஷம் புதுசா ஒன்னு தெரியும். சும்மா வெள்ளையடிச்சு வச்சதுல மொத பத்து செகண்ட்ல தெரிஞ்சதுதான் கடைசி வரைக்கும். புத்தர் மூஞ்சி, தாமரை, மூணு கூழாங்கல்லு போட்டு ஃப்ரேம் பண்ணி ஹோட்டல் ரிசப்ஷன்ல மாட்டுறாங்களே அதுவும் இதே கேஸ்தான்.

கேள்வி: அண்ணா, எல்லாம் வெளிநாட்டு உதாரணமாவே சொல்றீங்க. நம்ம தட்சிணாமூர்த்திய விட்டுட்டீங்களே? (வாசகி, கும்பகோணம்)

பதில்: விடலம்மா, கேக்கட்டும்னு காத்துட்டிருந்தேன். சொல்லாமல் சொன்னவர்னு பாட்டுலயே இருக்கு. ஆனா சிற்பிக்கு இது எவ்ளோ பெரிய தலைவலின்னு யோசிங்க. பேசாம இருக்கறவர செதுக்கிடலாம், கல்லுதான் எப்படியும் பேசாது. பேசாம *பாடம் நடத்தறவர* எப்படி செதுக்கறது?

அதுக்குத்தான் கல்லால மரத்தடில அவர மட்டும் வைக்காம கீழ சனகர் முதலான நாலு முனிவர வச்சாங்க. வாத்தியார் இளவட்டம், மாணவங்க தாடி வச்ச கெழவங்க. அவங்க முகத்த பாருங்க, கேட்டுட்டிருக்கற முகம். நல்ல சிற்பம்னா கழுத்து லேசா மேல தூக்கியிருக்கும். வாத்தியார் வாய் மூடியிருக்கு, ஆனா கேக்கறவங்க கேக்கறாங்க, அப்ப நடுவுல ஏதோ ஓடுதுன்னு நமக்கு புரிஞ்சுடுது. கைல சின்முத்திர, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடற அந்த ஒரு எடத்துலதான் மொத்த பாடமும். இன்னொரு கைல சுவடி இருக்கும், படிச்சுட்டு இருக்க மாட்டாரு, சும்மா இருக்கும். வார்த்தை கைல இருந்தும் பயன்படுத்தலங்கறதுக்கு அது சாட்சி. கால் கீழ முயலகன் வேற கெடக்கான். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில்ல எட்டாம் நூற்றாண்டு தொடக்கத்துலயே பல்லவ சிற்பிங்க இவர செதுக்கியிருக்காங்க. உங்க ஊர் பக்கம் எந்த சிவன் கோயிலுக்கு போனாலும் கருவறையோட தெக்கு சுவத்துல இருப்பாரு.

ஒரே வருத்தம், வியாழக்கெழம போகாதீங்க. குரு பகவான்னு நெனச்சு மஞ்சத் துணி சுத்தி கொண்டக்கடல மால போட்டு கழுத்துக்கு கீழ ஒன்னும் தெரியாது, விரல எங்க பார்க்கறது.

கேள்வி: வணக்கம் அண்ணை. நாங்கள் 90களில யாழ்ப்பாணத்தால வெளிக்கிட்டு வந்தனாங்கள். எல்லாரும் மௌனம் எண்டா அமைதி, தியானம் எண்டுதான் கதைக்கினம். எங்கட ஆக்களிட்ட இருக்கிற மௌனம் வேற, பயத்தால வந்தது, இழப்பால வந்தது. அதை ஆரும் கீறியிருக்கினமோ? (வாசகர், டொராண்டோ)

பதில்: ஐயா, இந்த பக்கத்துல வந்த கேள்விலயே இதுதான் கனமான கேள்வி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல ஓவியம் சொல்லித் தர்ற தா. சனாதனன் 2011ல "முடிவுறாத தோம்பு"ங்கற அர்த்தத்துல ஒரு வேலை வெளியிட்டாரு, புத்தக வடிவத்துலயே ஒரு கலைப்படைப்பு. தோம்புன்னா உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, போர்த்துகீசர், ஒல்லாந்தர் காலத்து காணிப் பதிவேடு. போரால இடம்பெயர்ந்த வடக்கு மக்கள்கிட்ட போயி, நீங்க விட்டுட்டு வந்த வீட்டோட படத்த ஞாபகத்துலேர்ந்து கீறித் தாங்கன்னு கேட்டாரு. எப்படி ஓடினீங்க, யார் செத்தாங்கன்னு பேட்டி எடுக்கறதோட நிக்காம, அறை எங்க, வாசல் எங்கன்னு ஒரு பிளான். அவங்க நடுங்குற கோட்டுல போட்டுக் குடுத்தத ஒரு கட்டடப் பட வரைவா ஸ்கேல் வச்சு நேரா போட்டு, அதோட சனாதனன் தன் ஓவியத்தையும் சேத்து அடுக்கியிருக்காரு. எனக்கு அதுல மனச புடிச்சு ஆட்டுறது அந்த நேர்கோட்டு பிளான்தான். ஆபீஸ்ல குடுக்கற பேப்பர் மாதிரி சுத்தமா இருக்கு, அளவெல்லாம் சரியா இருக்கு, வீடு மட்டும் இல்ல. அழுகைய விட அந்த சுத்தம்தான் தாங்க முடியல.

கொலம்பியால டோரிஸ் சால்செடோ இதே மாதிரி பாதைல போனவங்க. அங்க காணாமப் போனவங்களோட, பெரும்பாலும் பெண்களோட, செருப்ப, ஷூவ குடும்பத்துக்காரங்க கிட்டேர்ந்து வாங்கி, சுவத்துல சின்னச் சின்ன குழி வெட்டி உள்ள வச்சு, அது மேல மாட்டு மூத்திரப்பை சவ்வ போட்டு மூடி, ஆபரேஷன் நூலால சுவத்தோடயே தச்சுட்டாங்க. 1990களோட ஆரம்பத்துலேர்ந்து செஞ்ச வேலை. உள்ள செருப்பு இருக்கறது மங்கலா தெரியும், தெளிவா பார்க்க முடியாது. போட்டவங்க பேர் எங்கயும் கெடையாது. அடக்கறதுன்னு இவ்ளோ நேரம் நான் லேசா சொல்லிட்டு வந்தது ஓவியர் தானா விரும்பி செய்யறது. இங்க அடக்கினது வேற ஆளுங்க, கலைஞர் அந்த தையல மட்டும் நமக்கு காட்டுறாங்க. மேல சொன்ன பால்காரம்மா படத்தையும் இதையும் ஒரே மௌனம்னு ஒரே கூடைல போட எனக்கு மனசு வரல, நீங்க பிரிச்சது சரிதான்.

கேள்வி: நான் பனியன் கம்பெனில நைட் ஷிப்ட். நாள் பூரா மெஷின் சத்தம். லீவு அன்னிக்கு வரையறேன், போஸ்டர் கலர்தான். அமைதியா ஒன்னு வரையணும்னு ஆசை, எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம் சார்? (வாசகர், திருப்பூர்)

பதில்: பாட்டில்லேர்ந்து ஆரம்பிங்க தம்பி. இத்தாலில போலோன்யா நகரத்துல ஜியோர்ஜியோ மொராண்டி, 1890லேர்ந்து 1964 வரைக்கும், மூணு தங்கச்சிங்களோட ஒரே வீட்ல இருந்தாரு. தூங்கறது வரையறது எல்லாம் ஒரே ரூம். வாழ்க்கைல பெரும்பகுதி அவர் வரைஞ்சது பாட்டில், ஜாடி, டப்பா. லேபிள கிழிச்சு எடுத்துடுவாரு, இல்ல மேல பெயின்ட் அடிச்சுடுவாரு. கண்ணாடி பாட்டில் பளபளன்னு மின்னுச்சுன்னா உள்ள கலர ஊத்தி மின்னாம பண்ணிடுவாரு. தூசி படிஞ்சா தொடைக்க மாட்டாரு. பேர் போச்சு, பளபளப்பு போச்சு, அப்புறம் ஒன்னு பக்கத்துல ஒன்னு எவ்ளோ நெருக்கமா நிக்கிதுங்கறது மட்டும்தான் மிச்சம்.

உங்களுக்கு போஸ்டர் கலர் ரொம்ப வசதி, அதுவே மின்னாது. வீட்ல தேங்காயெண்ண பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில், மருந்து பாட்டில்னு மூணு எடுத்து லேபிள ஊற வச்சு உரிச்சுடுங்க. செவுத்துக்கு அடிச்ச டிஸ்டம்பர் மிச்சம் இருந்தா மேல ஒரு கோட் அடிச்சு காய விடுங்க. டியூப்லைட்ட அணைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துல மட்டும் வைங்க. கறுப்பு டப்பாவ தொறக்கவே தொறக்காதீங்க, நிழலுக்கு பழுப்பும் நீலமும் கலந்து வெள்ளைய சேத்துக்கோங்க. மொத நாள் மூணு பாட்டிலும் தள்ளித் தள்ளி நிக்கட்டும், அடுத்த லீவுல ரெண்ட தொடற மாதிரி வைங்க, ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சு எது பேசுது எது பேசலன்னு நீங்களே பாருங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்த கண்ணோட வரையாதீங்க, தூங்கி எழுந்துட்டு வரைங்க. படத்த எங்க வாட்ஸப் நம்பருக்கு அனுப்புங்க, ஃபில்டர் எதுவும் போடாம.